டெக் கம்பெனி விழுந்தது அந்த ஒரு வாக்கியத்தால இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல காணாம போன கம்ப்யூட்டர் கம்பெனிகளைப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்ல விஷயம், தமிழ்ல இதெல்லாம் யாரு எழுதறாங்க, அதுக்கு மொதல்ல ஒரு நன்றி. ஆனா டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், நாங்கல்லாம் டெக்-னு சொல்ற அமெரிக்க கம்ப்யூட்டர் கம்பெனி, அதுக்கு ஒதுக்கினது நாலே பாரா, அதுலயும் ஒரு பாரா முழுக்க "வீட்டுல எவனுக்கு கம்ப்யூட்டர்னு கேட்டாரு முதலாளி, அதோட கம்பெனி காலி"ங்கிற பழைய பல்லவிதான். இத வாட்ஸப்ல மோட்டிவேஷன் பேசறவங்க சொன்னா விட்டுடலாம், பேப்பர்ல வந்துட்டா அதுவே நெஜம்னு ஆயிடும், காலேஜ் பசங்க கட் பண்ணி செமினார்ல போடுவாங்க. அதான் இவ்ளோ நீளமா எழுதறேன், இடம் இல்லேன்னா வெட்டிக்கோங்க, விஷயத்த மட்டும் மாத்திடாதீங்க.

அந்த முதலாளி, டெக்க ஆரம்பிச்ச கென் ஓல்சன், 1977ல பாஸ்டன்ல ஒரு கூட்டத்துல அந்த மாதிரி பேசினது உண்மைதான். ஆனா அவர் சொன்னது, வீட்டையே ஆட்டி வைக்கிற கம்ப்யூட்டர், அதாவது லைட் போடறது கதவு திறக்கறது எல்லாத்தையும் ஒரு மெஷின்கிட்ட ஒப்படைக்கறது யாருக்கும் வேணாம்ங்கிற அர்த்தத்துல. அவரே பின்னாடி விளக்கம் குடுத்துட்டாரு. சரி, அந்த விளக்கத்த நம்ப வேணாம், அவர் பிசி மேல நெஜமாவே நம்பிக்கை இல்லாத ஆளுன்னே வெச்சுக்குவோம், அப்ப 1982ல அதே கம்பெனி ஒரே நேரத்துல மூணு பிசி எதுக்கு விட்டுச்சு? ஒண்ணு இல்ல சார், மூணு. ரெயின்போ 100, டெக்மேட் 2, ப்ரொஃபஷனல் 350 (அதுக்கு ஒரு தம்பியும் உண்டு, 325). கட்டுரைல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

அந்த மூணு மெஷின் கதையப் பாத்தாலே கம்பெனிக்கு என்ன வியாதின்னு தெரிஞ்சிடும். டெக்மேட் உள்ள இருக்கறது டெக்கோட பழைய பிடிபி-8 மெஷின் வம்சம், ப்ரொஃபஷனல் உள்ள இருக்கறது பிடிபி-11 வம்சம், ரெயின்போல இசட்80ம் 8088ம் ரெண்டு ப்ராசசர். ஒண்ணுக்கு எழுதின சாஃப்ட்வேர் இன்னொண்ணுல ஓடாது. சரி போகட்டும், ரெயின்போ எம்எஸ்-டாஸ்ங்கிற ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) ஓட்டும்ல, ஐபிஎம் பிசி சாஃப்ட்வேர் போட்டுக்கலாமேன்னா அதுவும் நிறைய ஓடாது, ஐபிஎம் மெஷினோட ஹார்ட்வேர நேரா தொடற ப்ரோக்ராம் எல்லாம் இங்க மண்டைய போட்டுடும். இதுக்கெல்லாம் மேல ஒரு கூத்து என்னன்னா, ஆரம்பத்துல வந்த ரெயின்போல வெறும் ஃப்ளாப்பி வாங்கிப் போட்டு ஃபார்மட் பண்ண முடியாது, டெக் கம்பெனியே ஃபார்மட் பண்ணி விக்கிற டிஸ்க்கதான் வாங்கணும்! மெஷின் கட்டுமானம் என்னவோ அருமை, எடுத்துப் பிரிச்சா ஒரு ஸ்க்ரூ கூட வேஸ்ட்டா இருக்காதுங்கற மாதிரி இன்ஜினியரிங், ஆனா ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்ட்ல வந்து ஊர் பூரா காப்பி அடிக்க ஆரம்பிச்சிருந்த நேரத்துல இத எவன் வாங்குவான். ஆக, பிசி வேணாம்னு சொல்லி விழல, பிசி பண்ணியும் தன்னோட பழக்கத்த விட முடியாம விழுந்தாங்க.

இந்தப் பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். 1957. அமெரிக்காவோட எம்ஐடி லிங்கன் லேப்ல வேலை பாத்த ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் கம்பெனி ஆரம்பிக்க பணம் கேட்டு ஜார்ஜ் டோரியட்கிட்ட போறாங்க. இவர் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ப்ரொஃபசர், ஏஆர்டின்னு ஒரு முதலீட்டு கம்பெனி நடத்தினவர், இன்னைக்கு ஸ்டார்ட்அப் பசங்க விசி விசின்னு (வென்ச்சர் கேபிடல், புதுக் கம்பெனில பணம் போடறவங்க) அலையறாங்களே அந்தத் தொழிலுக்கே முன்னோடி. அவங்க குடுத்தது 70,000 டாலர், அதுக்கு எடுத்துக்கிட்டது கம்பெனில 70 சதவீதம். (இப்ப எவனாவது இந்தக் கணக்குக்கு கையெழுத்து போடுவானா.) அதோட ஒரு அட்வைசும் வந்துச்சு, கம்ப்யூட்டர் பண்ணப் போறோம்னு எழுதாதீங்க, கம்ப்யூட்டர்ல காசு பாத்தவன் எவனும் இல்லன்னு டைரக்டருங்க நினைக்கறாங்கன்னு. அதனால மொதல் ரெண்டு மூணு வருஷம் லேபுகளுக்கு சர்க்யூட் மாட்யூல் வித்து லாபம் காட்டினாங்க, அப்பறம் மெஷின் பண்ணப்பவும் கம்ப்யூட்டர்னு பேர் வைக்காம "ப்ரோக்ராம்ட் டேட்டா ப்ராசசர்"னு வெச்சாங்க. பிடிபிங்கறது அதுதான்.

இடம் மாசசூசெட்ஸ்ல மேனார்ட்னு ஒரு சின்ன ஊரு, அங்க மூடிக் கிடந்த பழைய கம்பளி மில்லு. நம்ம கோயம்புத்தூர்காரங்களுக்கு சொன்னா உடனே கண்ணு முன்னாடி வரும், அந்தக் காலத்து செங்கல் கட்டடம், மரத் தரை. அதுல வாடகைக்கு ஒரு மூலையில ஆரம்பிச்சு கடைசில மொத்த மில்லையும் வாங்கி, உலகத்துல ரெண்டாவது பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஆனப்பவும் தலைமை ஆபீஸ் அங்கயேதான்.

பிடிபி-1 ஒண்ணேகால் லட்சம் டாலருக்குக் கொஞ்சம் கம்மி, மொத்தம் பண்ணதே 53 மெஷின். அத வெச்சு மதிப்பு போடக் கூடாது. அதுவரைக்கும் கம்ப்யூட்டர்னா கார்டு பஞ்ச் பண்ணி கட்டா கட்டி கவுண்டர்ல குடுத்துட்டு வரணும், உள்ள கண்ணாடி ரூம்ல ஆபரேட்டர் போடுவாரு, மறுநாள் போனா ஒரு கமா விட்டுப் போச்சுன்னு பேப்பர் வரும். பிடிபி-1ல நீயே உக்காந்து டைப் பண்ணலாம், ஸ்க்ரீன்ல பாக்கலாம், தப்புன்னா அங்கயே திருத்தலாம். எம்ஐடிக்கு இலவசமா ஒண்ணு குடுத்தாங்க, 1962ல பசங்க அதுல ஸ்பேஸ்வார்னு வீடியோ கேம் எழுதிட்டாங்க. மெஷின் முன்னாடி மனுஷன் நேரா உக்காரலாம்ங்கிறத ஒரு வியாபாரமா ஆக்கினது டெக்தான், என்னப் பொறுத்தவரைக்கும் இவங்க பண்ண எல்லாத்துலயும் பெருசு இதுதான்.

அப்பறம் 1965ல பிடிபி-8, வெல 18,000 டாலர். மெயின்ஃப்ரேம்ங்கிற ரூம் அளவு பெரிய கம்ப்யூட்டர் லட்சக்கணக்குல போன காலத்துல இது ஒரு டிபார்ட்மெண்டே சொந்தமா வாங்கக்கூடிய வெல, ஹெட் ஆபீஸ்ல போய் கெஞ்ச வேணாம். ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, லேப்னு அந்தக் குடும்பத்து மெஷின் அம்பதாயிரம் கிட்ட போச்சு. அத டிசைன் பண்ண எட்சன் டி காஸ்ட்ரோ அடுத்த மெஷின்ல தன் ஐடியாவ ஏத்துக்கலன்னு 1968ல வெளிய போய் டேட்டா ஜெனரல்னு போட்டிக் கம்பெனி ஆரம்பிச்சாரு, நல்ல ஆளுங்கள விட்டுடற பழக்கம் அப்பவே இருந்திருக்கு. 1970ல பிடிபி-11. பெல் லேப்ல கென் தாம்சன் யூனிக்ஸ்ங்கிற ஓஎஸ்ஸ ஆரம்பிச்சது ஒரு ஓரமா கிடந்த பிடிபி-7ல, அது வளர்ந்தது பிடிபி-11ல, சி லேங்குவேஜ் உருவானதும் அங்கதான். 1971ல ரே டாம்லின்சன் நடுவுல @ போட்டு ஈமெயில் அனுப்பினது ரெண்டு பிடிபி-10 மெஷினுக்கு நடுவுல. பில் கேட்ஸும் பால் ஆலனும் 1975ல மைக்ரோசாஃப்ட்டோட மொத சரக்கு, ஆல்டேர்ங்கிற குட்டி கம்ப்யூட்டருக்கான அந்த பேசிக் லேங்குவேஜ, எழுதினதும் ஹார்வர்ட்ல இருந்த பிடிபி-10லதான். இத்தனையும் ஒரே கம்பெனி மெஷின்ல. உங்க கட்டுரைல இந்தக் காலத்துக்கு "ஆரம்பத்தில் வெற்றி பெற்ற நிறுவனம்"னு நாலு வார்த்தை!

1977 அக்டோபர்ல வேக்ஸ்-11/780. இங்க நான் கொஞ்சம் ஒருதலைப்பட்சமா பேசுவேன், ஏன்னா எனக்கு சோறு போட்ட மெஷின் இது. ஒரு இன்ஜினியரிங் காலேஜ் கம்ப்யூட்டர் சென்டர்ல எண்பதுகள்ல நான் ஆபரேட்டர், வேக்ஸ் மெஷின், சுத்தி விடி220 டெர்மினல்கள், அதாவது வேக்ஸோட கோத்த ஸ்க்ரீனும் கீபோர்டும். சுவத்துல ஒரு பக்கம் முழுக்க ஆரஞ்சு கலர் பைண்டர், எல்லாம் வேக்ஸோட ஓஎஸ்ஸான விஎம்எஸ் மேனுவல், மொத்த செட்டும் அடுக்கினா பதினஞ்சு அடி ஷெல்ஃப் போகும். என்ன சந்தேகம்னாலும் அதுல இருக்கும், எந்த பைண்டர்ல இருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான் வேலையே. விஎம்எஸ்ல ஒரு ஃபைல எடிட் பண்ணி சேவ் பண்ணா பழசு அழியாது, பேருக்குப் பின்னாடி செமிகோலன் போட்டு 1, 2, 3ன்னு புது வெர்ஷனா நிக்கும். ப்ராஜெக்ட் பசங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோர்ட்ரான் கோட கன்னாபின்னான்னு கெடுத்துட்டு காலைல முகத்த தொங்கப் போட்டுட்டு வருவாங்க, டைரக்டரி போட்டுப் பாத்தா நேத்து ஓடின வெர்ஷன் பதினேழாம் நம்பர்ல சாதுவா உக்காந்திருக்கும். அதே பசங்க டிஸ்க் கோட்டா முடிஞ்சிடுச்சுன்னும் வருவாங்க, பர்ஜ் கமாண்ட் அடிச்சா பழசெல்லாம் போய் இடம் காலியாகும். பர்ஜ் அடிச்சதுக்கு அப்பறம் வந்து அழற கேசும் உண்டு, அதுக்கு நேத்து ராத்திரி எடுத்த பேக்கப் டேப்ப மாட்டணும்.

இந்த மெஷினோட விசேஷம் என்னன்னா சின்ன வேக்ஸ்ல ஓடற ப்ரோக்ராம் பெரிய வேக்ஸ்லயும் அப்படியே ஓடும், டேபிள் பக்கத்துல வைக்கிற மைக்ரோவேக்ஸ்லேர்ந்து ரூம் அளவு மெஷின் வரைக்கும் ஒரே ஆர்க்கிடெக்சர் ஒரே ஓஎஸ். எல்லாத்தையும் நெட்வொர்க்குல கோக்கலாம், ஈத்தர்நெட்ட ஸ்டாண்டர்டா கொண்டு வந்த மூணு கம்பெனில டெக்கும் ஒண்ணு, மத்தது இன்டெல், ஜெராக்ஸ். ஐபிஎம்ல அப்ப ஒரு சைஸுக்கு ஒரு ஓஎஸ்னு குழப்பம், அதனால பெரிய பெரிய கம்பெனிங்க எல்லாம் வேக்ஸ் பக்கம் சாஞ்சாங்க. 1986ல ஃபார்ச்சூன் பத்திரிகை ஓல்சன அமெரிக்க வரலாத்துலயே தலைசிறந்த தொழிலதிபர்னு சொல்ற அளவுக்கு அட்டைப்படம் போட்டுச்சு. 1987ல டெக்வேர்ல்ட்னு பாஸ்டன்ல ஒரு கண்காட்சி, வர்ற கஸ்டமர்களுக்கு ஹோட்டல் ரூம் பத்தலன்னு குயின் எலிசபெத் 2 கப்பலையே வாடகைக்கு எடுத்து துறைமுகத்துல நிறுத்திட்டாங்க. ஒரு கட்டத்துல சம்பளம் வாங்கினவங்க ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல.

இப்ப விழுந்ததுக்கு வர்றேன். வேக்ஸ் ஒண்ணு வித்தா அதுல வர்ற லாபம் கொள்ளை. மெஷின், டிஸ்க், டெர்மினல், கேபிள், சாஃப்ட்வேர் லைசென்ஸ், மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட், எல்லாமே அவங்ககிட்ட இருந்துதான், அவங்க ஃபேக்டரிலதான் எல்லாம் தயாராகும். அந்த லாபத்த நம்பித்தான் அத்தன பேர் சம்பளம். எண்பதுகளோட நடுவுல சன் மாதிரி கம்பெனிங்க கடையில கிடைக்கற மைக்ரோப்ராசசர வாங்கி, மேல யூனிக்ஸ போட்டு, வேக்ஸ் வெலைல ஒரு பங்குக்கு அதே வேகத்த குடுக்க ஆரம்பிச்சாங்க, அப்பறம் ரிஸ்க் (RISC, எளிமையான கட்டளைகள வெச்சு வேகமா ஓடற) சிப் வந்ததும் வேகத்துலயும் முந்திட்டாங்க. டெக் உள்ள இருந்தவங்களுக்கு இது தெரியாம இல்ல சார், நல்லாவே தெரியும். ஆனா அதே மாதிரி சீப்பா ஒண்ணு நாமளே வித்தா வேக்ஸ் எவன் வாங்குவான்னு ஒரு பயம். ஓல்சன் யூனிக்ஸப் பத்தி பேசினதெல்லாம் தெருவுல கூவி விக்கிற லேகியம்ங்கிற ரேஞ்சுல, அந்த யூனிக்ஸ் பொறந்ததே அவர் மெஷின்ல.

கட்டுரையாளர் தேடியிருந்தா கிடைச்சிருக்க வேண்டிய பேரு டேவ் கட்லர். விஎம்எஸ் எழுதின டீமுக்குத் தலை. இவர் சியாட்டில் பக்கத்துல தனியா ஒரு டீம் வெச்சுக்கிட்டு ப்ரிசம்னு ரிஸ்க் ப்ராசசரும், அதுக்குன்னு புதுசா ஒரு ஓஎஸ்ஸும் பண்ணிட்டிருந்தாரு. 1988ல கம்பெனி அத ரத்து பண்ணிடுச்சு, அவசரத்துக்கு வெளிய இருந்து மிப்ஸ் சிப்ப வாங்கி டெக்ஸ்டேஷன்னு மெஷின் விட்டாங்க. கட்லர் அதே வருஷம் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனாரு, டெக் ஆளுங்க கொஞ்ச பேர் கூடவே போனாங்க, 1993ல விண்டோஸ் என்டி வந்துச்சு. இன்னைக்கு உங்க ஆபீஸ்ல இந்த லெட்டர பக்கத்துல போடப் போற கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 10ஓ 11ஓ இருந்தா அது அந்த என்டியோட பரம்பரைதான்.

இந்தப் பக்கம் ரிஸ்க்க நிறுத்தினாங்க, அந்தப் பக்கம் எதுல பணத்த கொட்டினாங்க தெரியுமா, வேக்ஸ் 9000ல. 1989ல அறிவிச்ச மெயின்ஃப்ரேம் சைஸ் மெஷின், ஐபிஎம் கோட்டையையே பிடிக்கப் போறோம்னு. ஆராய்ச்சிக்கு மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல போச்சுன்னு பேச்சு. மெஷின் வெளிய வர்றதுக்குள்ள மெயின்ஃப்ரேம் மார்க்கெட்டே சுருங்க ஆரம்பிச்சிடுச்சு, அதைவிட கொடுமை, அவங்களோட சொந்த சிங்கிள் சிப் வேக்ஸே கொஞ்ச நாள்ல அந்த வேகத்த எட்டிப் பிடிச்சிருச்சு. என்னக் கேட்டா கம்பெனிக்கு சங்கு ஊதினது இங்கதான், 1977 பேச்சுல இல்ல.

ஆளக் குறைக்க மாட்டோம்ங்கிறது ஓல்சனோட கொள்கை, அதுல அவர் ரொம்ப உறுதி. அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை வர்ற இடமும் அது, கம்பெனி லேட்டா முழிச்சதுக்கு ஒரு காரணமும் அது, ரெண்டும் உண்மை. 1991ல மொதல் தடவையா வருஷக் கணக்குல நஷ்டம், 1992ல நஷ்டம் 280 கோடி டாலர். அந்த ஜூலைல ஓல்சன் விலகறதா அறிவிப்பு, 35 வருஷம் நடத்தின ஆளு. அதுக்கப்பறம் வந்த ராபர்ட் பால்மர் ஆயிரக்கணக்குல ஆளக் குறைச்சாரு, ஒவ்வொண்ணா விக்கவும் ஆரம்பிச்சாரு: டிஸ்க் ட்ரைவ் பிசினஸ் குவாண்டத்துக்கு, ஆர்டிபி டேட்டாபேஸ் ஆரக்கிளுக்கு, நெட்வொர்க் பிரிவு கேபிள்ட்ரானுக்கு.

இத்தனை நடுவுலயும் அங்க இருந்த இன்ஜினியருங்க சும்மா இல்ல. 1992ல வந்த ஆல்ஃபா, 64 பிட் சிப், அந்தக் காலத்துல வேகத்துல அத அடிச்சுக்க ஆளே இல்ல. ப்ரிசத்த நிறுத்தாம விட்டிருந்தா இந்த மாதிரி ஒண்ணு மூணு நாலு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாம், மூணு நாலு வருஷம்னா இந்தத் தொழில்ல ஒரு தலைமுறை. ஆல்ஃபா எவ்ளோ பவர்னு காட்டறதுக்கு பாலோ ஆல்டோ லேப்ல இருந்தவங்க 1995 டிசம்பர்ல ஆல்டாவிஸ்டான்னு ஒரு சர்ச் இன்ஜின் விட்டாங்க, கூகுளுக்கு முன்னாடி நாம எல்லாரும் தேடினது அதுலதான, அத வெச்சு என்ன பண்றதுன்னு கம்பெனிக்குத் தெரியல, மெஷின் விளம்பரமா பாத்துட்டு விட்டுட்டாங்க. ஆர்ம் டிசைன வெச்சு ஸ்ட்ராங்ஆர்ம்னு கரண்ட் கம்மியா குடிக்கற சிப்பும் பண்ணாங்க. 1997ல எங்க பேட்டன்ட்ட திருடிட்டேன்னு இன்டெல் மேலயே கேஸ் போட்டாங்க, சமாதானம் ஆனப்ப என்ன ஆச்சு தெரியுமா, மாசசூசெட்ஸ் ஹட்சன்ல இருந்த டெக்கோட சிப் ஃபேக்டரியும் ஸ்ட்ராங்ஆர்மும் சுமார் 70 கோடி டாலருக்கு அதே இன்டெல்லுக்குப் போச்சு. 1998 ஜனவரில 960 கோடி டாலருக்கு மொத்த கம்பெனியையும் காம்பேக் வாங்கறதா அறிவிச்சாங்க. வாங்கினது யாருன்னு பாருங்க, ஐபிஎம் பிசிய காப்பி அடிச்சு பெரிய ஆளான கம்பெனி. 2001ல ஆல்ஃபாவ கைவிட்டுட்டு இன்டெலோட இட்டானியம் சிப்புக்கு போறோம்னு காம்பேக் சொல்லிடுச்சு, 2002ல காம்பேக்கே எச்பிக்குள்ள போயிடுச்சு.

"இன்று சுவடே இல்லை"ன்னு கட்டுரைல முடிச்சிருக்கீங்க, இதையும் ஒத்துக்க முடியல. ஏஎம்டி அத்லான் சிப்புல இருந்த பஸ் (ப்ராசசர் மத்த பாகங்களோட பேசற பாதை) ஆல்ஃபாவோடது, அந்த சிப்ப பண்ணதுலயும் டெக்லேர்ந்து போன ஆளுங்க இருந்தாங்க. இன்னைக்கு எந்த லினக்ஸ் மெஷின்ல டெர்மினல் திறந்தாலும் அது 1978ல வந்த விடி100 மாதிரிதான் நடிக்குது. கீபோர்டுல அம்புக்குறி கீ நாலும் தலைகீழ் டி மாதிரி இருக்கே, அதப் பரப்பினது விடி220 கூட வந்த கீபோர்டு. நம்ம நாட்டு ரயில்வே ரிசர்வேஷன் கம்ப்யூட்டர்ல ஏறினது வேக்ஸ்ல, அதுக்கப்பறமும் பல வருஷம் விஎம்எஸ்லதான் ஓடுச்சு, மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்ல கியூல நின்னு ஊருக்கு டிக்கெட் எடுத்த உங்க வாசகர்கள் அத்தன பேரும் டெக்கோட கஸ்டமர்னே சொல்லலாம். விஎம்எஸ் இன்னும் சாகல, 2014லேர்ந்து மாசசூசெட்ஸ்லயே ஒரு சின்ன கம்பெனி அத எடுத்து நடத்துது, இப்ப சாதாரண இன்டெல் சர்வர்லயே ஓட்டறாங்க.

அதனால ஒரு சின்ன திருத்தமாவது போடுங்க சார், மூணு பிசி விஷயமும் ப்ரிசம் விஷயமும் வந்தா போதும், என் பேர் வேணாம். அடுத்த வாரம் வாங் லேப் பத்தி வரும்னு கீழ போட்டிருக்கீங்க. அங்கயும் இதே மாதிரி ரெடிமேடா ஒரு கதை இருக்கு, அப்பா ஆன் வாங் கட்டினத பையன் ஃப்ரெட் அழிச்சுட்டான்னு. 1986ல பையன தலைமைக்கு கொண்டு வந்தாரு, 1989ல அப்பாவே இறக்கினாரு, 1992ல கம்பெனி திவால் மனு போட்டுச்சு, அதெல்லாம் சரி. ஆனா வேர்ட் ப்ராசசிங்குக்கு மட்டும்னு தனி மெஷின் வித்தவங்க பொழப்பு சாதாரண பிசில ஒரு சாஃப்ட்வேரா மாறினப்ப, அப்பாவே சீட்டுல இருந்திருந்தாலும் என்ன பண்ணியிருப்பாருன்னு எழுதறவரு கொஞ்சம் யோசிச்சுட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
பழைய வேக்ஸ் ஆபரேட்டர்,
மேற்கு மாம்பலம், சென்னை